போலீஸ் வேலை கையில், இத்தாலி கிளப் கனவில்: யார் இந்த ஜிம்மி ஜார்ஜ்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் கிளம்பும் நேரம். ரோட்டோரக் காலி இடத்தில் இரண்டு கம்பம், நடுவில் தொய்ந்துபோன ஒரு நெட், சுண்ணாம்பில் போட்ட கோடு. யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி பைக் மேல் போட்டுவிட்டு பசங்க இறங்கிவிடுவார்கள். இருட்டும்வரை வாலிபால்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டுமில்லை, தமிழ்நாட்டின் பாதி கிராமங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

அதில் செமையா ஆடும் ஒரு பையனைப் பிடித்து, இதையே தொழிலா வெச்சுக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பான். ஐ.சி.எஃப்., போலீஸ், ஏதாவது ஒரு பேங்க், எங்காவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிவிட வேண்டும். கனவு அதோடு முடிந்துவிடும். வேலை ஆர்டர் வந்துவிட்டால் அந்தப் பந்து தன் கடமையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

கேரளாவில் ஒருவர் அந்த ஆர்டரை 21 வயதிலேயே வாங்கினார். பிறகு அவர் செய்ததை அதுவரை எந்த இந்திய வாலிபால் வீரரும் செய்ததில்லை. சம்பளத்துக்கு ஆடப் போனார். முதலில் அபுதாபி, அடுத்து இத்தாலி. பெயர் ஜிம்மி ஜார்ஜ். இந்தியாவின் முதல் புரொஃபஷனல் வாலிபால் வீரர் என்று அறியப்படுபவர். 1987ல், 32 வயதில் இறந்துபோனார். இன்றைய இளைஞர்களுக்கு, கேரளாவைத் தாண்டினால், இந்தப் பெயர் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வீட்டுக்குள்ளேயே ஒரு டீம்

கண்ணூர் மாவட்டத்தின் கிழக்கே, வயநாட்டு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது பேராவூர். திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் காட்டைத் திருத்திக் குடியேறிய பகுதி. ரப்பர், மிளகு, சர்ச், அதை ஒட்டி ஒரு மைதானம். இந்த ஊரில் 1955 மார்ச் 8 அன்று ஜிம்மி பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஜோசப், அம்மா மேரி. அப்பா பல்கலைக்கழக அளவில் வாலிபால் ஆடியவர். ஜிம்மிக்கு முதல் கோச் அவர்தான்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் மட்டும் எட்டுப் பேர், ஜிம்மி இரண்டாவது. வாலிபாலில் களத்தில் நிற்க ஆறு பேர் போதும். அதாவது ஒரு முழு டீம், பெஞ்சில் உட்கார இன்னும் இரண்டு சப்ஸ்டிட்யூட். இது ஜோக்குக்காகச் சொல்வது இல்லை. எட்டுப் பேரும் ஆடினார்கள். பின்னாளில் 'ஜார்ஜ் பிரதர்ஸ்' என்ற பெயரில் ஒரே அணியாகவே களமிறங்கி, வெளி அணிகளோடு மோதியிருக்கிறார்கள். மூத்தவர் ஜோஸ் ஜார்ஜும் இந்திய அணிக்கு ஆடியவர். பிறகு கேரள காவல் துறையில் உயர் அதிகாரி ஆனார்.

இன்னொரு தம்பியை உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். மும்முறைத் தாண்டுதல் வீரர் ராபர்ட் பாபி ஜார்ஜ். தன் மனைவிக்கு இவரே கோச். 2003ல் பாரிஸ் உலக தடகள சாம்பியன்ஷிப்பில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வென்று, அந்தப் போட்டியில் மெடல் வாங்கிய முதல் இந்தியர் ஆனாரே அஞ்சு பாபி ஜார்ஜ், அவர்தான் அந்த மனைவி.

ஜிம்மியின் வளர்ச்சி மின்னல் வேகம். 16 வயதில், 1971லேயே, கேரள மாநில அணியில் இடம். 1973ல் பாலா செயின்ட் தாமஸ் கல்லூரியில் சேர்ந்தார். அதே வருடம் கேரளப் பல்கலைக்கழக அணி. 1974ல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் இந்திய ஜெர்ஸி, அப்போது வயது 19. 1976ல் பல்கலைக்கழக அணியின் கேப்டன். 21 வயதில் அர்ஜுனா விருது. அவ்வளவு சின்ன வயதில் அந்த விருதை வாங்கிய வாலிபால் வீரர் அதற்கு முன் இல்லை.

'காத்துலயே நின்னான்' என்பது நிஜமா?

ஜிம்மியின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே விஷயம். எம்பினால் காற்றில் அப்படியே நிற்பார் என்பது. எதிரில் பிளாக் போட எழும்பியவர்கள் இறங்கத் தொடங்கிய பிறகும் இவர் மேலேயே இருப்பார், சாவகாசமாகப் பார்த்து அடிப்பார்.

யாராலும் காற்றில் நிற்க முடியாது. ஆனாலும் பார்த்தவர்கள் கதை விடவில்லை. நல்ல ஜம்ப் உள்ள ஒருவர் 1 மீட்டர் உயரம் எம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையை விட்டு, மறுபடி தரையைத் தொட ஆகும் மொத்த நேரம் சுமார் 0.9 விநாடி. அந்த நேரம் எல்லா உயரத்திலும் சமமாகப் பிரிவதில்லை. மேலே போகப் போக வேகம் குறைவதால், மொத்த நேரத்தில் சரிபாதி அந்த உயரத்தின் கடைசி கால் பங்கிலேயே போய்விடும். அந்த அரை விநாடிதான் நம் கண்ணுக்கு 'நிற்பது' போலத் தெரிகிறது. அதிக உயரம் எம்புகிறவருக்கு அந்த நேரம் இன்னும் கொஞ்சம் நீளும். எப்போது கிளம்ப வேண்டும், எப்போது கையை வீச வேண்டும் என்ற டைமிங்கும் சேர்ந்துவிட்டால், எதிரே பிளாக் போடுகிறவர் காலி.

ஆண்கள் வாலிபாலில் நெட்டின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேலே, எதிரில் நீளும் கைகளுக்கும் மேலே பந்தைச் சந்திக்க வேண்டும். இதை ஒரு மேட்ச்சில் நூறு முறை செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைக்கு ஒவ்வொரு ரேலிக்கும் ஒரு பாயிண்ட், 25 எடுத்தால் செட். ஜிம்மி காலத்தில் கதையே வேறு. சர்வீஸ் போட்ட டீம் ஜெயித்தால் மட்டும் பாயிண்ட். எதிரணி ஜெயித்தால் சர்வீஸ் கை மாறும், ஸ்கோர் போர்டு அப்படியே இருக்கும். 15 பாயிண்ட்டுக்குள் பத்து நிமிடம் ஸ்கோரே நகராமல் இழுத்த செட்களும் உண்டு. இந்த விதி 1990களின் கடைசியில்தான் மாறியது. பின்வரிசையில் டிஃபென்ஸுக்கென்றே தனியாக நிற்கும் 'லிபரோ'வும் அப்போது கிடையாது. அட்டாக்கர் என்றால் அடிக்கவும் வேண்டும், விழுந்து எடுக்கவும் வேண்டும்.

கிடைத்தது வேலை

1976ல் ஜிம்மி கேரள போலீஸில் சேர்ந்தார். அன்றைய கணக்குப்படி ஒரு விளையாட்டு வீரருக்கு இதற்கு மேல் எதுவும் இல்லை. இந்தியாவுக்கு ஆடினால் கிடைப்பது டிராக் சூட்டும் தினப்படியும்தான். சோறு போடுவது வேலை. போலீஸ், ரயில்வே, ராணுவம், மின் வாரியம், இந்த அணிகளின் தோளில்தான் இந்திய வாலிபால் நின்றது. இதைக் குறை சொல்லவும் முடியாது. கிராமத்துப் பையன் ஒருவனுக்கு மாசச் சம்பளமும் பென்ஷனும் தந்தது அந்த முறை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் சம்பளம் ஒன்றுதான். எதிரில் வருவதும் அதே பத்து அணிகள்தான். 23 வயதில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆகிவிட்டால், அதற்கு மேல் ஏற ஏணி இல்லை.

1978 பாங்காக் ஆசிய விளையாட்டு முடிந்தபோது ஜிம்மி அந்த இடத்தில்தான் இருந்தார்.

அடுத்த ஏணி வளைகுடாவில் கிடைத்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் அரபு நாடுகளில் பணம் கொட்டியது. ரோடு போட, கட்டடம் கட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். மலையாளிகள் கூட்டம் கூட்டமாகப் போனது அப்போதுதான். அங்கிருந்த ஸ்போர்ட்ஸ் கிளப்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1979ல் அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப் ஜிம்மியை எடுத்தது. 1982 வரை அங்கே ஆடினார். வளைகுடாவின் சிறந்த வீரர் என்று பெயரும் எடுத்தார். ஒருவகையில் அவரும் 'கல்ஃப் போன' மலையாளிதான். மற்றவர்கள் கையில் பாஸ்போர்ட்டோடு தொழில் கருவி ஒன்று இருந்தது என்றால், இவருக்கு அது ஒரு பந்து.

இத்தாலி: பெரிய கடல்

1982ல் ஜிம்மி இத்தாலிக்குப் போனார். இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அன்றைய இத்தாலிய வாலிபாலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தாலி என்றால் நமக்கு ஃபுட்பால்தான் ஞாபகம் வரும். ஜிம்மி போன அதே 1982ல்தான் அவர்கள் ஃபுட்பால் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள். ஆனால் வடக்கு இத்தாலியின் சின்னச் சின்ன ஊர்களில் வாலிபால் கிளப்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. உள்ளூர்த் தொழிலதிபர்கள் காசு போட்டார்கள். ஃபுட்பால் ஸ்டிக்கர் ஆல்பத்துக்குப் பேர்போன பானினி நிறுவனத்தின் குடும்பம்தான் மொடேனா நகரின் வாலிபால் கிளப்பைத் தொடங்கி நடத்தியது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இத்தாலி ஆண்கள் அணிக்கு வெண்கலம். 1990, 1994, 1998 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன். அந்தப் படையைத் தயார் செய்தது இந்தக் கிளப் லீக்தான். வாலிபாலின் மகா நட்சத்திரம், அமெரிக்காவின் கார்ச் கிராலி இத்தாலிய லீக்குக்கு வந்ததே 1990களில். ஜிம்மி அதற்குப் பல வருடம் முன்பே அங்கே ஆடிவிட்டார்.

ஒரு கிளப்பில் வெளிநாட்டு வீரர்களுக்கு இருந்ததோ ஒன்றிரண்டு இடம். அதற்கு உலகம் முழுக்கப் போட்டி. உலக வாலிபாலில் பெயரே இல்லாத இந்தியாவிலிருந்து ஒருவரை அந்த இடத்துக்கு எடுக்கிறார்கள் என்றால், அது அனுதாபத்தில் எடுத்ததாக இருக்காது. வெளிநாட்டு வீரர் என்றாலே மேட்ச்சை ஜெயித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த சீசனில் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். ட்ரெவிஸோ தொடங்கி மான்டிகியாரி வரை, சீசன் சீசனாக ஜிம்மிக்கு அங்கே அழைப்பு வந்துகொண்டே இருந்தது. 1980களின் உலகத் தரமான அட்டாக்கர்களில் ஒருவராக அவரைச் சேர்த்துப் பேசினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் போலீஸ் வேலையை அவர் உதறிவிடவில்லை. இறக்கும்வரை கேரள போலீஸின் ஆள்தான். உலகின் மிகச் சிறந்த லீக்கில் ஆடிய ஒருவருக்கே ஊரில் ஒரு வேலை தேவைப்பட்டது என்பது, அன்றைய நிலைமை எப்படி என்று காட்டிவிடுகிறது. முழங்கால் ஒரு தடவை மடங்கினால் கான்ட்ராக்ட் காலி. ஊரில் வந்து நிற்க ஒரு இடம் வேண்டாமா?

சியோல் 1986

டெஹ்ரான், பாங்காக், சியோல். ஜிம்மி ஆடிய மூன்று ஆசிய விளையாட்டுகள் இவை. நம் நாட்டிலேயே நடந்த 1982 டெல்லி ஆசியாட் இந்தப் பட்டியலில் இல்லை. 1985ல் சவுதி அரேபியா போன இந்திய அணிக்கு அவர் கேப்டன். 1986ல் ஹைதராபாத்தில் நடந்த இந்தியா கோல்டு கப் சர்வதேசப் போட்டியிலும் அவர்தான் தலைமை.

அதே 1986ல் சியோல். அந்த ஆசியாட் என்றால் இந்தியாவுக்கு ஞாபகம் இருப்பது ஒரே பெயர், பி.டி. உஷா. நான்கு தங்கம், ஒரு வெள்ளி. இந்தியா வாங்கிய மொத்தத் தங்கமே ஐந்துதான், நியாயமாகவே பேப்பர் முழுக்க உஷா. அந்த வெளிச்சத்தில் கவனிக்கப்படாமல் போனது ஒரு வெண்கலம்.

ஆண்கள் வாலிபாலில் சீனாவும் தென் கொரியாவும் முதல் இரண்டு இடம். மூன்றாவது இடம் இந்தியாவுக்கு. பின்னுக்குத் தள்ளப்பட்ட அணி எது தெரியுமா? ஜப்பான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நாடு. வாலிபாலில் இன்று உலகமே ஆடும் பல டெக்னிக்குகளை யோசித்துக் கண்டுபிடித்த நாடு. அந்த ஜப்பானை வென்றுதான் மெடல் வந்தது.

அந்த அணியில் ஜிம்மியோடு கேரளாவின் சிரில் வல்லூர், உதயகுமார் போன்ற அட்டாக்கர்கள் இருந்தார்கள். ஆந்திராவிலிருந்து உயரமான ஒருவர், பி.வி. ரமணா. பின்னாளில் அவர் மகள் வாலிபாலை விட்டுவிட்டுப் பேட்மின்டன் ராக்கெட்டைப் பிடித்து இரண்டு ஒலிம்பிக் மெடல் வாங்கினார். ஆமாம், பி.வி. சிந்துதான்.

1958ல் வெண்கலம், 1962ல் வெள்ளி, 1986ல் வெண்கலம். ஆசிய விளையாட்டு வாலிபாலில் இந்தியாவின் மொத்தக் கணக்கு இவ்வளவுதான். 2023ல் நடந்த ஹாங்சோ போட்டியில் தென் கொரியாவையே தோற்கடித்து நம்பிக்கை கொடுத்த இந்திய அணி, கடைசியில் ஆறாம் இடத்தில் நின்றது. ஜிம்மி கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த அந்த மெடலுக்குப் பிறகு அடுத்தது இன்னும் வரவில்லை.

நவம்பர் 30

சியோலிலிருந்து ஊர் திரும்பியபோது ஜிம்மிக்கு வயது 31. அட்டாக்கருக்கு அது கடைசிக் கட்டம்தான் என்றாலும் இத்தாலியில் இன்னும் மவுசு இருந்தது. அடுத்த சீசனுக்கு மான்டிகியாரி. லொம்பார்டி மாநிலத்தில், பிரெஷா நகரத்துக்குப் பக்கத்தில், கார்டா ஏரிக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் சின்ன ஊர். இன்று அந்தப் பகுதியின் மாட்டுப் பண்ணைகளில் ஏராளமான பஞ்சாபிகள் வேலை பார்க்கிறார்கள், குருத்வாராக்களும் உண்டு. 1987ல் அங்கே ஓர் இந்தியரைப் பார்ப்பதே அபூர்வம். ஊருக்குத் தெரிந்த இந்தியர் ஜிம்மிதான்.

1987 நவம்பர் 30 அன்று நடந்த கார் விபத்தில் அவர் இறந்தார். சீசன் பாதிகூட ஓடவில்லை. ஓய்வு அறிவிப்பு இல்லை, வழியனுப்பும் மேட்ச் இல்லை. பேராவூருக்கு அவர் உடல்தான் வந்தது. அப்போது அவர் மனைவி கர்ப்பமாக இருந்தார். மகன் பிறந்தது அப்பா இறந்த பிறகு.

விளையாட்டு வீரர் ஒருவர் இறந்தால் சொந்த ஊர் சிலை வைக்கும், ஸ்டேடியத்துக்குப் பெயர் வைக்கும். கேரளாவும் வைத்தது. திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் இருக்கும் ஜிம்மி ஜார்ஜ் இன்டோர் ஸ்டேடியத்தை அந்த ஊருக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். அவர் பெயரிலான அறக்கட்டளை கேரளாவின் சிறந்த விளையாட்டு வீரருக்கு விருது தருகிறது. அபுதாபி மலையாளிகள் அவர் நினைவாக சர்வதேச வாலிபால் போட்டி நடத்துகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் மலையாளி டீம்கள் மோதுவது ஜிம்மி ஜார்ஜ் பெயர் கொண்ட டிராஃபிக்குத்தான். நம்ம ஊரில் இறந்துபோன நண்பன் படத்தை ஃபிளெக்ஸில் போட்டு நினைவுக் கோப்பை நடத்துவோம் இல்லையா, அதே வழக்கம்தான். கடல் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எதிர்பார்க்காதது மான்டிகியாரி செய்தது. ஊரின் பெரிய உள்ளரங்கத்துக்கு 'பாலாஜார்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். இது நம்ம ஊர் பாலா இல்லை. இத்தாலியில் உள்ளரங்கத்தை 'பலாஸ்போர்ட்' என்பார்கள், அதன் சுருக்கம். அதோடு ஒட்டியிருப்பது பேராவூர்க்காரரின் பெயர். வாலிபால் லீக் மேட்ச்சுகளும் பாட்டுக் கச்சேரிகளும் அங்கே நடக்கின்றன. கண்ணூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத இத்தாலியர்கள் டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

இப்போது என்ன நிலை?

ஜிம்மி இறந்து 30 வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, 2019ல், புரோ வாலிபால் லீக் என்ற பெயரில் இந்தியாவில் ஒரு தொழில்முறை லீக் பளபளவென்று வந்தது. முதல் கோப்பை சென்னை ஸ்பார்ட்டன்ஸுக்கு, ஃபைனலில் தோற்றது காலிகட் ஹீரோஸ். அந்த லீக் ஒரே சீசனில் நின்றுபோனது. பிறகு 2022ல் பிரைம் வாலிபால் லீக். இதில் சென்னை பிளிட்ஸ் என்று நமக்கும் ஒரு டீம். வீரர்களுக்கு ஏலம், டிவியில் நேரலை, வெளிநாட்டு வீரர்கள் எல்லாம் உண்டு. ஜிம்மி ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடியதில் ஒரு பகுதி இப்போது ஊருக்கே வந்திருக்கிறது.

ஒரு பகுதிதான். இத்தாலியில் லீக் என்றால் அது மாதக்கணக்கில், வருடத்தின் பாதிக்கு மேல் ஓடும். இங்கே சில வாரங்களில் முடிந்துவிடும். ஜெர்ஸியைக் கழற்றி வைத்ததும் நம் வீரர்களில் பலர் திரும்பிப் போவது ரயில்வே, போலீஸ், பேங்க், ராணுவம் என்று தங்கள் டிபார்ட்மென்ட் அணிகளுக்குத்தான்.